தளை அறுத்த கவிதையும் நம் பிள்ளைகளும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை, விழா மலருக்காக எழுதித் தரப்பட்டது)

நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் புதுக்கவிதை. "ஏன் வாத்தியாரே, ஒழுக்கம், சிக்கனம், கல்வியின் சிறப்பு என்று ஏதாவது பேசக்கூடாதா?" என்று சிலர் நினைக்கலாம். அவற்றையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சிறப்பாகப் பேசிவிட்டார்கள். எனக்கு வேறொரு கடன் இருக்கிறது. இவ்வாண்டு நம் பள்ளிக் கவிதைப் போட்டிக்கு வந்த தாள்களில் பாதிக்கு மேல் எதுகை, மோனை, சந்தம் எதுவும் இல்லாமல் வந்தன. நடுவர்களாகிய எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது. இந்தச் செய்தி எப்படியோ லயத்துப் பக்கம் போய், பெரியவர் ஒருவர் கோயில் திடலில் என்னை நிறுத்திக் கேட்டார்: "வரிய ஒடிச்சு ஒடிச்சுப் போட்டா அது கவிதையா வாத்தியாரே? அப்படின்னா ஐந்நூத்தம்பத்தஞ்சு புஸ்தகத்துல கடைக்காரர் அரிசி, சீனி, மாவுன்னு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதுறாரே, அதுவும் கவிதைதானா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல. தமிழ்நாட்டில் பேராசிரியர்களும் புலவர்களும் முப்பது நாற்பது ஆண்டுகள் மோதிக்கொண்ட கேள்வியைத்தான் அந்தப் பெரியவர் தம் பாணியில் கேட்டார். அவருக்குரிய பதிலைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பழையது என்ன என்று பார்ப்போம். தமிழில் செய்யுள் செய்வதற்கு யாப்பு என்று பெயர். யாப்பு என்றால் கட்டு. எழுத்துகள் சேர்ந்து அசை, அசைகள் சேர்ந்து சீர், ஒரு சீரும் அடுத்த சீரும் சேரும் இடத்தில் தளை, சீர்கள் சேர்ந்து அடி, அடிகளை அழகுபடுத்த எதுகை மோனை முதலிய தொடைகள். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் காதிலும் விழுந்திருக்கும். வெண்பா என்றால் கடைசிச் சீர்கூட நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும். அவ்வளவு கறார். இதில் 'தளை' என்ற சொல்லைக் கவனியுங்கள். சீர்களை இணைக்கும் பிணைப்புக்கும் தளை என்று பெயர், கைதியின் காலில் போடும் விலங்குக்கும் தளை என்றுதான் பெயர். ஒரு சாரார் அதைக் காற்சிலம்பு என்றார்கள், மறு சாரார் அதை விலங்கு என்றார்கள். அவ்வளவுதான் சண்டை!

ஆனால் பழையது என்றால் அசையாமல் நின்றது என்று எண்ணிவிடாதீர்கள். தொல்காப்பியர் நூலுக்குரிய எட்டு வனப்புகளைச் சொல்லுமிடத்தில் 'விருந்து' என்று ஒன்றைச் சொல்கிறார். முன்பில்லாத புது வகையில் யாப்பது விருந்து. 'புலன்' என்று இன்னொன்று. மக்கள் புழங்கும் மொழியிலேயே, ஆராய்ச்சி செய்யத் தேவையில்லாமல் பொருள் விளங்கும்படி சொல்வது அது. ஆக, புதுமைக்கும் பேச்சுத் தமிழுக்கும் இலக்கணக்காரரே வாசற்கதவைத் திறந்து வைத்திருந்தார். பிற்காலத்தவர்தான் அதைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள் என்பது என் கருத்து. நம் கெடாவோடு சம்பந்தப்பட்ட பட்டினப்பாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய பொருள்களில் காழகத்துப் பொருளும் ஒன்று என்கிறது அப்பாட்டு. காழகம் என்பது கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். அந்த 301 அடிப் பாட்டு ஒரே வகை யாப்பில் போகிறதா? இல்லை. வஞ்சி அடியும் ஆசிரிய அடியும் கலந்து போகிறது. சிலப்பதிகாரத்தில் பாட்டுக்கு நடுவே உரைநடையே வருகிறது. பிறகு கம்பர் விருத்தத்தில் பாடினார். பிறகு பள்ளும் குறவஞ்சியும் சிந்தும் கும்மியும் வந்தன.

ஒரு கதை சொல்கிறேன். கதை அல்ல, உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்த நிகழ்ச்சி. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் என்பவர் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாடினார். நந்தனார் யார்? பண்ணையில் அடிமை வேலை செய்தவர். 'சிதம்பரம் போக வேண்டும்' என்று பண்ணையாரிடம் விடுப்புக் கேட்டு நின்றவர். துரையிடமும் கிராணியிடமும் லீவு கேட்டு நின்ற பரம்பரைக்கு அந்த நிலையை விளக்க வேண்டியதில்லை. அந்நூலுக்கு ஒரு சிறப்புப் பாயிரம் வாங்க மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார் பாரதியார். பிள்ளையவர்கள் பெரிய இலக்கணக் கடல். கீர்த்தனைகளில் இலக்கணப் பிழைகள் இருந்ததால் பாயிரம் தராமல் நாள் கடத்தினார். ஒரு நாள் பாரதியார் பிள்ளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தம் கீர்த்தனைகளைத் தமக்குத் தாமே பாடிக்கொண்டிருந்தார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த மகாவித்துவானின் மனம் உருகிவிட்டது. பாயிரம் எழுதிக் கொடுத்தார். பிழை பிழையாகவேதான் இருந்தது. ஆனால் பாட்டு அதையும் தாண்டி அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இனிப் புதியதற்கு வருவோம். சுப்பிரமணிய பாரதியார் 1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை வெளியிட்டபோது, ஓரிரு வருடம் படித்தவர்களுக்கும் பொருள் விளங்கும்படி எழுத வேண்டும் என்ற கருத்தை முகவுரையில் சொன்னார். ஓரிரு வருடம் படித்தவர்கள்! நம் தாத்தா பாட்டிமார்களை நினைத்துச் சொன்னதுபோல் இல்லையா? அதே பாரதியார் 'காட்சி' என்ற பெயரில் யாப்பே இல்லாத வசன கவிதைகளும் எழுதினார். அமெரிக்காவில் வால்ட் விட்மன் என்பவர் 1855-இல் 'புல்லின் இதழ்கள்' என்ற நூலை எதுகையும் அளவும் இல்லாத நீண்ட அடிகளில் எழுதி, அச்சுச் செலவைத் தாமே ஏற்று வெளியிட்டிருந்தார். அந்த விட்மனைப் பாரதியார் அறிந்திருந்தார். அவரைப் பற்றி எழுதியும் இருக்கிறார்.

1934-இல் மணிக்கொடி பத்திரிகையில் ந. பிச்சமூர்த்தி 'காதல்' என்ற கவிதையை எழுதினார். அதைத்தான் தமிழ்ப் புதுக்கவிதையின் தொடக்கம் என்கிறார்கள். பிச்சமூர்த்தி கும்பகோணத்துக்காரர், வக்கீல், பிறகு கோயில் நிர்வாக அதிகாரி. தாடி வைத்த அந்தச் சாதுவான மனிதரைப் பார்த்தால் கலகக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கொஞ்ச காலம் எழுதினார், பிறகு நிறுத்திவிட்டார். விதை மண்ணுக்குள் கிடந்தது.

அதற்குத் தண்ணீர் ஊற்றியவர் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் சென்னையில் 'எழுத்து' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். வாசகர் இலட்சக்கணக்கில் வேண்டும் என்று எல்லாப் பத்திரிகைக்காரரும் ஆசைப்படுவார்கள். இவரோ 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துக்கொண்டு ஆரம்பித்தார்! அந்த எண்ணிக்கையை எட்டும் கவலையே அவருக்கு வரவில்லை. சில நூறு பேர்தான் வாங்கினார்கள். பத்திரிகை நடத்திக் கையில் இருந்ததெல்லாம் போயிற்று. தாம் அச்சிட்ட நூல்களைத் தாமே மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். காண்டா கட்டிப் பால் சுமந்த தோளுக்கு அந்தச் சுமையின் கனம் தெரியும். அப்படி 1970 வரை 119 இதழ்கள் கொண்டு வந்தார்.

அந்த எழுத்துதான் பிச்சமூர்த்தியின் 'பெட்டிக்கடை நாரணன்' என்ற கவிதையை மறுபடி அச்சிட்டு வாசகர் முன் வைத்தது. கோயில் திடல் பெரியவருக்கு இதை நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஐயா, கடைக்காரரின் கணக்குப் புத்தகம் கவிதை ஆகாது. ஆனால் அந்தக் கடைக்காரர் கவிதைக்கு நாயகன் ஆகலாம். அதுவரை மன்னரும் தெய்வமும் தலைவியும் நிலவும் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு பெட்டிக்கடைக்காரனைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். யாப்பை உடைத்தது மட்டும் கலகம் அல்ல, இதுதான் பெரிய கலகம்.

1962-இல் செல்லப்பா 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பைக் கொண்டு வந்தார். 24 கவிஞர்கள், 63 கவிதைகள். புலவர் உலகம் கொதித்தது. 'வசனத்தை வெட்டிப் போட்ட சோம்பேறித்தனம்' என்பதுபோன்ற ஏச்சுகள் நிறைய. நம் பெரியவரின் கேள்வியும் அதில் அடங்கும். இளைஞர்களோ இன்னும் சூடானார்கள். 1970-இல் சென்னையில் சிலர் சேர்ந்து ஒரு பத்திரிகை ஆரம்பித்து அதற்குக் 'கசடதபற' என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகளே, க ச ட த ப ற எந்த இனம்? வல்லினம்! மெல்லினமாகக் குழையமாட்டோம் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். அக்குழுவில் இருந்த ஞானக்கூத்தன் யாப்பு நன்றாகத் தெரிந்தவர். ஓசையை வைத்துக்கொண்டே கேலியும் கிண்டலுமாக எழுதியவர். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த ஆண்டு, 1971-இல், கோயம்புத்தூரிலிருந்து 'வானம்பாடி' வந்தது. புவியரசு, ஞானி, சிற்பி, மு. மேத்தா, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், கங்கை கொண்டான் என்று ஒரு பெரிய கூட்டம். அவர்களில் பலர் என்னைப் போல் சுண்ணாம்புக்கட்டி பிடித்த ஆசிரியர்கள். இதழுக்கு விலை கிடையாது, இலவசமாகவே கொடுத்தார்கள். எழுத்துக்காரர்கள் தனிமனிதனின் உள்ளத்துக்குள் இறங்கிப் பார்த்தார்கள் என்றால், வானம்பாடிக்காரர்கள் வீதிக்கு வந்து உழைப்பவனுக்காக உரத்துப் பாடினார்கள். 'அது கவிதையல்ல, கோஷம்' என்றார்கள் அவர்கள். 'உங்களுடையது புரியாத புலம்பல்' என்றார்கள் இவர்கள். என்னைக் கேட்டால் இரண்டு குற்றச்சாட்டிலும் உண்மை இருக்கிறது. மேடையில் கைதட்டல் வாங்கிய பல வரிகள் மறுநாள் காலையில் ஆறிப்போன தேநீராக இருக்கின்றன. புரியாமையே ஆழம் என்று நினைத்து எழுதியவையும் ஏராளம். ஆனால் புதுக்கவிதையைச் சில நூறு பேரிடமிருந்து பல்லாயிரம் பேரிடம் கொண்டு சேர்த்தவர்கள் வானம்பாடிகள்தாம். 1974-இல் வந்த மு. மேத்தாவின் 'கண்ணீர்ப் பூக்கள்' பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றது. அதே ஆண்டு அப்துல் ரகுமானின் 'பால்வீதி' வந்தது.

கடல் கடந்து நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் முதல் புதுக்கவிதை 1964-இல் சி. கமலநாதன் தமிழ் முரசில் எழுதிய 'கள்ளப் பார்ட்டுகள்' என்று சொல்லப்படுகிறது. இங்கும் அதே எதிர்ப்பு, அதே ஏளனம். 1977-இல் ஆதி. குமணன் தொடங்கிய வார இதழுக்கும் 'வானம்பாடி' என்றே பெயர். அதில் இளைஞர்களுக்குப் பக்கங்கள் திறந்தன. பிறகு 1979-இல், மலேசியாவின் முதல் புதுக்கவிதைத் தொகுப்பு என்று இலக்கிய வரலாறு குறிக்கும் 'நெருப்புப் பூக்கள்' வெளிவந்தது. எழுதியவர் எம்.ஏ. இளஞ்செல்வன். எந்த ஊர்க்காரர்? கோலாலம்பூரா? சிங்கப்பூரா? இல்லை. நம் கெடாக்காரர்! சிறுகதையும் நாவலும் எழுதிய அவர் 2000-இல் மறைந்துவிட்டார். சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரத்துப் பிள்ளைகள் சினிமாப் பாட்டு எழுதியவர்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறார்கள், இவர் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள். அது பிள்ளைகளின் குற்றமன்று. பாடப் புத்தகத்தில் இல்லாததை வீட்டிலும் யாரும் சொல்லவில்லை.

மறுபக்கத்தில் மரபுக்காக மலைபோல் நின்றவர்களும் உண்டு. பினாங்கில் வாழ்ந்து 2014-இல் மறைந்த கவிஞர் சீனி நைனா முகம்மது அவர்களில் தலையாயவர். சற்று முன்பு இவ்விழாவின் தொடக்கத்தில் எல்லாரும் எழுந்து நின்று பாடினோமே தமிழ் வாழ்த்து, அது அவர் எழுதியது. யாப்பு செத்துவிட்டது என்று சொல்பவர்களுக்கு அந்தப் பாட்டே பதில். எந்தத் தோட்டத்துப் பள்ளியிலும் ஒன்றாம் ஆண்டுக் குழந்தைகூட அதைப் பாராமல் பாடுகிறது. ஏன்? சந்தம் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. இதுதான் மரபின் பலம். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்கள் ஆத்திசூடியையும் குறளையும் வாயிலேயே வைத்திருந்தார்கள். புதுக்கவிதை ஒன்றை, படித்து முடித்த மறுவாரம், அப்படியே சொல்ல என்னால் முடியவில்லை. இந்த இழப்பு சிறியது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

இது தமிழனுக்கு மட்டும் வந்த வழக்கு என்றும் நினைக்க வேண்டாம். மலாய்மொழி வகுப்பில் பந்துன் படிக்கிறீர்களே பிள்ளைகளே, நான்கடி, முதல் இரண்டடி முன்னறிவிப்பு, பின் இரண்டடி கருத்து, ஒன்றுவிட்டு ஒன்று இயைபு. அதற்கும் கலகம் வந்தது. இந்தோனேசியாவில் சைரில் அன்வார் என்ற இளைஞர் 1943-இல் 'ஆக்கு', அதாவது 'நான்', என்ற கவிதையை எழுதிப் பழைய கட்டுகளை உதறினார். 26 வயதிலேயே இறந்தும் போனார். இங்கே 1950-இல் சிங்கப்பூரில் அசாஸ் 50 என்ற எழுத்தாளர் இயக்கம் தோன்றியது. கலை சமுதாயத்துக்காக என்றார்கள். பின்னாளில் தேசிய இலக்கியவாதி விருது பெற்ற உஸ்மான் அவாங் அந்த அணியில் இருந்தவர். 'பாக் உதே' என்ற தலைப்பில் ஏழைக் கிராமத்தானைப் பாடினார். ஆனாலும் பந்துன் அழிந்துவிட்டதா? கலியாண வீட்டில் இன்றும் பந்துன் பரிமாறிக்கொள்கிறார்கள். 2020-இல் யுனெஸ்கோ அதை மலேசியா, இந்தோனேசியா இரண்டின் மரபாகவும் பட்டியலில் சேர்த்தது. புதுசு வந்ததால் பழசு சாகவில்லை. பக்கத்து வீட்டில் கண்ணெதிரே நடந்த சாட்சி இது.

சரி, இப்போது நம் தோட்டத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததன் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நம்மவர்கள் கப்பலேறி வந்தபோது யாப்பிலக்கணம் கொண்டு வரவில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் கொண்டு வந்தார்கள். பெரட்டுக்குப் போகும் இருட்டையும், கங்காணியின் அதட்டலையும், நெரையில் மங்கு நிறையாத நாளையும் பாட்டாக்கினார்கள். அவற்றைப் புலவர்கள் கவிதை என்று ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் எழுதி வைத்தவரும் குறைவு. இரா. தண்டாயுதம், முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் பிற்காலத்தில் தேடித் தொகுத்தார்கள். அதற்குள் பாடியவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். போன பாட்டு போனதுதான்.

இன்று என்ன நிலை? ரப்பர் இருந்த இடமெல்லாம் செம்பனை. லயங்கள் இடிந்துகொண்டிருக்கின்றன. குடும்பங்கள் தாமான்களுக்கும் பட்டணத்துக்கும் போய்விட்டன. நம் பள்ளிக்கே பல பிள்ளைகள் வெளியிலிருந்து வேனில்தான் வருகிறார்கள். இந்த வாழ்க்கையைக் கண்ணால் பார்த்த கடைசிப் பிள்ளைகள் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய், 'முதலில் நேரிசை வெண்பா கற்றுக்கொள், பிறகு உன் வீட்டைப் பற்றி எழுது' என்று சொன்னால், அவர்கள் வெண்பா கற்று முடிப்பதற்குள் வீடு இருக்காது.

போட்டிக்கு வந்த ஒரு தாளைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அம்மா விடியற்காலையில் மரம் சீவப் போவதைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். நாலரை மணிக்குக் கடிகாரம் அடிக்கிறது. பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று அம்மா முதல் அடியிலேயே அதைக் கையால் அமுக்கிவிடுகிறாள். ஆனால் பிள்ளை ஏற்கெனவே விழித்துத்தான் படுத்திருக்கிறாள். அம்மா நிம்மதியாகப் போகட்டும் என்று தூங்குவதுபோல் நடிக்கிறாள். இவ்வளவுதான் விஷயம். ஏழு வரி. எதுகை இல்லை, மோனை இல்லை. மூன்றாம் வரியில் ஓர் ஒற்றுப்பிழைகூட இருந்தது. படித்துவிட்டு ஒரு நடுவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொருவர், "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது கவிதையில் சேராதே" என்றார்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம். "அம்மா காலை நாலரை மணிக்கு எழுந்து மரம் சீவப் போகிறார்" என்ற வாக்கியத்தை எத்தனை துண்டாக ஒடித்துப் போட்டாலும் அது கவிதை ஆகாது, செய்தியாகவே இருக்கும். வந்த தாள்களில் பாதி அப்படித்தான் இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். நிலா, கண்ணீர், காதல், முள், ரோஜா என்று சினிமாப் பாட்டிலிருந்து எடுத்து வரிக்கு இரண்டு சொல்லாக அடுக்கியவை இன்னொரு பங்கு. ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கு என்னடா காதல் தோல்வி என்று கேட்டால் சிரிக்கிறான்! ஆனால் கடிகாரத்தை அமுக்கிய அந்தக் கையும், தூங்குவதுபோல் நடித்த அந்தக் கண்ணும் ஒன்றுக்கொன்று எதிரே நிற்கின்றனவே, அங்கே கவிதை இருக்கிறது. அதை உரைநடையில் நீட்டி எழுதினால் பாதி போய்விடும். கடிகாரம் நின்ற இடத்தில் அவள் வரியையும் நிறுத்தியிருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவள் காதே அவளுக்குச் சொல்லியிருக்கிறது.

அந்தக் காதுதான் முக்கியம். இலங்கையில் மஹாகவி என்ற கவிஞர் இருந்தார், 1971-இல் காலமானார். அவர் யாப்பை விடவில்லை. பழைய யாப்பிலேயே எழுதி, வரிகளை மட்டும் நாம் பேசுகிற மூச்சுக்கு ஏற்ப உடைத்துப் போட்டார். படித்தால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். எண்ணிப் பார்த்தால் சீர் தப்பாது. இரண்டு கட்சிக்காரர்களும் அவரைப் படித்திருந்தால் சண்டை பாதியாகக் குறைந்திருக்கும். ஞானக்கூத்தனை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? தமிழ்நாட்டில் தளை அறுத்தவர்களில் பலருக்குத் தளை என்றால் என்ன என்று நன்றாகவே தெரியும். வானம்பாடிக் கவிஞர் சிற்பியின் முதல் நூலான 'நிலவுப் பூ' மரபுக் கவிதைகள்தாம். தெரிந்து அறுத்தார்கள். தெரியாமல் அறுத்தால் கை வெட்டுப்படும் என்பதைப் பால்மரக் கத்தி பிடித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் பால் வரும், எங்கே உள்மரத்தில் காயம் படும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே, பெற்றோர்களே, தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் நாங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், அடுத்த ஆண்டிலிருந்து கவிதைப் போட்டி இரண்டு பிரிவாக நடக்கும். மரபுக்கவிதை ஒன்று, புதுக்கவிதை ஒன்று. இரண்டுக்கும் ஒரே அளவுப் பரிசு. புதுக்கவிதை எழுதுகிறவர்களும் வியாழக்கிழமை மாலை நடக்கும் யாப்பு வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும். இதில் எனக்கும் இன்னோர் ஆசிரியருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அவர் கட்டாயம் வேண்டாம் என்கிறார். நான் வேண்டும் என்கிறேன், இப்போதைக்கு என் பேச்சு நிற்கிறது. மரபுப் பிரிவில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. தமிழின் பெருமை, அன்னையின் பெருமை, ஆசிரியரின் பெருமை மூன்றும் நிறையவே வந்துவிட்டன. வேறு ஏதாவது எழுதுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகள் இனி உங்களிடம் வந்து, பெரட்டு எப்படி நடக்கும், ஒட்டுப்பால் எப்படி உரிப்பீர்கள், மழை நாளில் வேலை இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள், பாட்டி என்ன பாட்டுப் பாடினார் என்று கேட்பார்கள். "போய்ப் படிக்கிற வேலையப் பாரு" என்று விரட்டிவிடாதீர்கள். அதுதான் படிக்கிற வேலை. பாட்டியின் பாட்டு ஒன்றிரண்டு நினைவிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். கைப்பேசியில் பதிவு செய்தாலும் சரி. அறுபது வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

மாணவர்களே, நூலக அறை வாசலில் ஒரு பிஸ்கட் தகரம் வைத்திருக்கிறோம். எழுதியதைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, பெயரும் வகுப்பும் குறித்து அதில் போடுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் திறந்து பார்ப்போம். நேற்றுப் பார்த்தபோது ஆறு தாள்கள் இருந்தன. அவற்றில் ஒன்று உண்மையாகவே 555 புத்தகத்தைப் பற்றியது. மாதக் கடைசியில் கடைக்காரர் அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போது அப்பா எங்கே பார்த்துக்கொண்டு நிற்பார் என்பதை ஒரு மாணவன் எழுதியிருக்கிறான். கோயில் திடல் பெரியவர் இங்கே வந்திருந்தால், விழா முடிந்ததும் என்னைப் பாருங்கள் ஐயா. அந்தத் தாளை உங்களுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.